அப்பாவுக்கு இடது கைப் பழக்கம். பேச்சு ஏன் இடது மூளையோடு போனது?

மாலைத்தென்றல்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வெகுநாளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

அப்பாவுக்கு வயது 68. மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. பதில்தான் வரவில்லை. வருவது ஒரே ஒரு சொல்: "அதான்". தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், கால் வலித்தாலும் அதான், என் மகளைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அதான், அதான்.

அப்பா பிறவியிலேயே இடக்கைக்காரர். எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, பந்து எறிவது எல்லாம் இடது கையால்தான். அதனால் வந்து பார்த்தவர்கள் எல்லோரும், "எழுதுகிற கை பிழைத்ததே, பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டும்" என்றார்கள். நானும் அதை நம்பி ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணிக்கட்டை மேலே வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதும் அவருடைய பழைய பிடி அப்படியே இருந்தது. தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார், அழகாகவே எழுதினார். அப்புறம் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் அதே எழுத்தை மறுபடி எழுதினார். மூன்றாவதாகவும் அதே எழுத்து. பேனாவை வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடக்கைக்காரர்களின் மூளை கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியிருக்கும், பேச்சு வலது மூளையில் இருக்கும் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். அப்படியானால் இடது மூளை அடிபட்டதில் அவருக்குப் பேச்சு ஏன் போக வேண்டும்? நன்றாக இருக்கும் கையால் ஏன் எழுத முடியவில்லை?

---

சொல்லேர்:

நண்பரே, நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவர்களோடுதான் என் வேலை. நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியையும் ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் கேட்கும்.

முதலில் அந்தக் கண்ணாடிக் கணக்கு. அது தவறு. இடது மூளை வலது கையையும் வலது மூளை இடது கையையும் நடத்துகிறது. இது எல்லோருக்கும் பொது, இடக்கைக்காரர்களுக்கும் இதேதான். அதனால்தான் அப்பாவுக்கு வலது கை விழுந்தது. பேச்சின் கதை வேறு. இடக்கைக்காரர்களில் பத்துப் பேரை எடுத்தால் சுமார் ஏழு பேருக்குப் பேச்சு இடது மூளையில்தான் இருக்கிறது, வலக்கைக்காரர்களுக்கு இருப்பதுபோலவே. உங்கள் அப்பா அந்தப் பெரும்பான்மையில் ஒருவர்.

இந்தக் குழப்பத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1861இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். அவர் அங்கே தங்கி 21 ஆண்டு ஆகியிருந்தது. நாளடைவில் வலது கை கால் விழுந்துவிட்டது. யார் என்ன கேட்டாலும் "டான், டான்" என்பதைத் தவிர வேறு சொல் வராது. அதனால் எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். கேட்பது புரியும், குரலை ஏற்றி இறக்கிக் கை ஜாடையோடு பதில் சொல்லப் பார்ப்பார், புரியாவிட்டால் கோபப்படுவார். நீங்கள் "அதான்" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

ப்ரோக்காவிடம் வந்த சில நாளில் லெபோர்ன் இறந்துபோனார். மூளையின் இடது பக்க முன்பகுதியில் பெரிய சேதம் இருந்ததை ப்ரோக்கா பார்த்தார். அதுபோல இன்னும் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு, 1865இல், நாம் பேசுவது இடது அரைக்கோளத்தால்தான் என்று எழுதினார். இதே கருத்தை மார்க் டாக்ஸ் என்ற இன்னொரு மருத்துவர் 1836லேயே எழுதி வைத்திருந்தார் என்று அவர் மகன் அதே 1865இல் வெளியிட்டார். வலது கையும் இடது மூளை, பேச்சும் இடது மூளை என்று தெரிந்ததும், "அப்படியானால் இடக்கைக்காரருக்கு இரண்டும் வலது மூளை" என்று ஒரு விதியை மருத்துவ உலகமே கட்டிக்கொண்டது. கேட்க நேர்த்தியாக இருந்ததால் நீண்ட நாள் நிலைத்தது. இரண்டு உலகப் போர்களிலும் தலையில் காயம்பட்ட வீரர்களை எண்ணிப் பார்க்கும்போதுதான் அது உடைந்தது.

இரண்டாவது கேள்வி, எழுத்து. பேச்சு என்று நாம் சொல்வது வாயையும் நாக்கையும் சேர்ந்தது மட்டும் இல்லை. சொல்லைத் தேடி எடுப்பது, எழுத்தை வரிசையாக அடுக்குவது, வாக்கியம் கட்டுவது எல்லாம் ஒரே பட்டறையில் நடக்கிற வேலை. அந்தப் பட்டறை அடிபட்டால் வாய்க்கும் சொல் வராது, கைக்கும் வராது. அப்பாவின் இடது கைக்கு எழுதத் தெரியும். என்ன எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற இடத்திலிருந்து இரண்டாவது எழுத்து வந்து சேரவில்லை. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதும் இதன் பகுதிதான், பலரிடம் பார்க்கிறோம். அவரை அவசரப்படுத்தாதீர்கள். "கை நல்லாத்தானே இருக்கு, எழுதுங்களேன்" என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

---

புதுவரவு:

பத்தில் ஏழு என்று எப்படித் தெரியும்? பக்கவாதம் வந்தவர்களை மட்டும் வைத்துச் சொல்வதா? உயிரோடு, நலமாக இருப்பவருக்குப் பேச்சு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

---

நரம்பிழை:

இது நான் படிக்கிற துறை. சொல்லேர் அக்கா அனுமதித்தால் நான் சொல்கிறேன்.

பழைய வழி வாடா சோதனை. ஜுன் வாடா என்ற மருத்துவர் ஜப்பானில் 1940களின் கடைசியில் தொடங்கி, பிறகு கனடாவின் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் செம்மைப்படுத்தியது. வலிப்பு நோய்க்கு மூளையில் அறுவை செய்யும் முன், பேச்சு இருக்கும் பக்கத்தைத் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த சோதனை. நோயாளி விழித்தே இருப்பார். இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லி, ஒன்று இரண்டு என எண்ணச் சொல்வார்கள். ஒரு பக்கக் கழுத்துத் தமனி வழியாக அமோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து போகும். சில நொடியில் மருந்து போன பக்கத்துக்கு எதிர்க் கை தொப்பென்று விழும். பேச்சு இருக்கும் பக்கமாக இருந்தால் எண்ணிக்கை நடுவிலேயே நின்றுவிடும். சில நிமிடத்தில் மருந்து இறங்கி, சொல் மெல்லத் திரும்பும். இன்னொரு பக்கத்துக்கும் இதே சோதனையைத் தனியாகச் செய்வார்கள்.

மாண்ட்ரியல் குழு 1977இல் வெளியிட்ட கணக்கு: வலக்கைக்காரர்களில் 96 சதவீதத்துக்குப் பேச்சு இடது மூளையில். இடக்கைக்காரர்களிலும் இரு கைப் பழக்கம் உள்ளவர்களிலும் 70 சதவீதத்துக்கு இடது, 15க்கு வலது, 15க்கு இரண்டு பக்கமும். அக்கா சொன்ன பத்தில் ஏழு இதுதான்.

புதுவரவு கேட்ட சந்தேகம் நியாயமானது. அவர்கள் எல்லோரும் வலிப்பு நோயாளிகள். அதனால் பின்னால் நலமானவர்களிடமே அளந்தார்கள். மனதுக்குள் சொற்களை நினைக்கச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்து ரத்த ஓட்டம் கூடுகிறது என்று தலைக்கு வெளியிலிருந்தே மீயொலியால் பார்ப்பது. ஊசி கிடையாது, வலி கிடையாது. ஜெர்மனியில் 326 பேரிடம் செய்து 2000இல் வெளியிட்டார்கள். பேச்சு வலது பக்கம் சாய்ந்தவர்கள் அழுத்தமான வலக்கைக்காரர்களில் 4 சதவீதம், இரு கையும் பழகியவர்களில் 15, அழுத்தமான இடக்கைக்காரர்களில் 27. கைப் பழக்கம் இடப்பக்கம் போகப் போகப் பேச்சு வலது மூளையில் இருக்கும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுகிறது. ஆனால் அழுத்தமான இடக்கைக்காரர்களிலும் அது பாதியை எட்டவில்லை. கைக்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் தளர்வான தொடர்பு. ஒருவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்பதை வைத்து அவருக்குப் பேச்சு எந்தப் பக்கம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாலைத்தென்றலின் எழுத்துக் கேள்விக்கு இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு இடது மூளை அடிபட்டால் சைகை மொழி சிதைந்துபோகிறது. கை நன்றாக அசையும், ஆனால் சைகைகள் சொல்லாகவும் வாக்கியமாகவும் சேராது. வலது மூளை அடிபட்டால் படம் வரைவதிலும் இடத்தைக் கணிப்பதிலும் தடுமாறுவார்கள். சைகை மொழி பெரும்பாலும் தப்பிவிடும். சைகை மொழி முழுக்க முழுக்கக் கண்ணாலும் கையாலும் நடப்பது. அதுவும் இடது மூளையிலேயே இருக்கிறது என்றால், அங்கே இருப்பது மொழியேதான்.

---

வாடாமல்லி:

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானும் இடக்கைக்காரி. ஆறு வயதில் பள்ளியில் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி, வலது கையால் எழுத வைத்தார்கள். மறந்துபோய் இடது கை வந்தால் விரல் முட்டியில் அளவுகோல் விழும். அந்த வருடம்தான் எனக்குத் திக்கல் தொடங்கியது. இன்றுவரை முழுதாகப் போகவில்லை. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜும் இடக்கைக்காரராகப் பிறந்து வலக்கைக்கு மாற்றப்பட்டவர், திக்கிப் பேசியவர் என்று படித்தேன். கையை மாற்றியதால்தான் மூளையில் பேச்சு குழம்பிப்போனதா?

---

சொல்லேர்:

வாடாமல்லி, உங்களுக்கு நடந்தது கொடுமை. இன்றும் சில குழந்தைகளுக்கு நடக்கிறது, அதனால் இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

நீங்கள் கேட்டதை ஒரு காலத்தில் பெரிய ஆய்வாளர்களே நம்பினார்கள். அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஆர்ட்டன், லீ டிராவிஸ் என்ற இருவரும் 1920, 30களில் இப்படிச் சொன்னார்கள்: பேச்சுக்கு ஒரு பக்கம் தெளிவாகத் தலைமை தாங்க வேண்டும்; கையை மாற்றினால் அந்தத் தலைமை ஆட்டம் காணும்; நாக்குக்கும் தாடைக்கும் இரண்டு பக்கமிருந்தும் ஆணை போய் மோதும்; அதுதான் திக்கல். திக்குகிறவர்களை மறுபடி இடது கைக்கு மாற்றியும் பார்த்தார்கள். அந்தக் கொள்கை பின்னாளில் நிற்கவில்லை. கை மாற்றப்பட்ட பெரும்பாலோர் திக்குவதில்லை. திக்குகிற பெரும்பாலோர் கை மாற்றப்பட்டவர்கள் இல்லை. திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், பென்சில் பிடிக்கும் முன்பே தொடங்குகிறது. குடும்பத்தில் வழிவழியாகவும் வருகிறது.

---

வாடாமல்லி:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எனக்கு அந்த வருடத்துக்கு முன் திக்கல் இருந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. வகுப்பில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கும், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

---

சொல்லேர்:

அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவே மாட்டேன். லேசாக இருக்கும் திக்கலை அச்சமும் அவமானமும் பெரிதாக்கிவிடும், அதைத் தினமும் பார்க்கிறேன். அளவுகோல் உங்கள் பேச்சைத் தொட்டது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். மூளையில் பேச்சு இடம் மாறிக் குழம்பியது என்ற விளக்கத்தை மட்டும்தான் ஏற்க முடியவில்லை.

கையை மாற்றினால் மூளை மாறுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். சிறுவயதில் வலக்கை எழுத்துக்கு மாற்றப்பட்ட இடக்கைக்காரர்களைப் பெரியவர்களான பின் மூளைப்படம் எடுத்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. பல பத்தாண்டு வலக்கையால் எழுதிய பிறகும், அசைவைத் திட்டமிடும் பகுதிகளில் வலது அரைக்கோளம் இடக்கைக்காரரின் சாயலோடே வேலை செய்தது. கை பழகிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் சாய்வு முழுதாக மாறிவிடுவதில்லை. பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறதோ அந்தக் கையிலேயே பென்சிலைக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

---

திசைமானி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் இடக்கைக்காரன், வயது எட்டு. அவன் "வலது மூளைக்காரன்", கற்பனை அதிகம், கணக்கு வராது, வலது மூளையைத் தூண்டும் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். பணமும் கட்டிவிட்டேன். இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்பது உண்மைதானே? அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்றார்களே?

---

நரம்பிழை:

நோபல் பரிசு உண்மை. 1981இல் ரோஜர் ஸ்பெர்ரிக்குக் கொடுத்தார்கள். அவர் கண்டது இது இல்லை.

இரண்டு அரைக்கோளத்தையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பாலத்தில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன. கடும் வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவாமல் தடுக்க, 1960களில் சிலருக்கு அந்தப் பாலத்தை அறுத்தார்கள். ஸ்பெர்ரியும் அவர் மாணவர் கசானிகாவும் அவர்களைச் சோதித்தார்கள். திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லி, இடது ஓரத்தில் ஒரு பொருளின் பெயரைக் கண நேரம் காட்டுவார்கள். அது வலது மூளைக்கு மட்டும் போகும். "என்ன பார்த்தீர்கள்?" என்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்பார். அதே நேரம் திரைக்குப் பின்னால் அவருடைய இடது கை பல பொருள்களைத் தடவிப் பார்த்து, சரியான பொருளை எடுத்துவிடும். வலது மூளை சொல்லைப் படித்துவிட்டது, கையை அனுப்பியும்விட்டது. அதை வாயால் சொல்லத்தான் அதனிடம் வழியில்லை.

இது பாலம் அறுபட்டவர்களின் கதை. உங்கள் மகனுக்குப் பாலம் முழுதாக இருக்கிறது. கணக்குப் போடும்போதும் படம் வரையும்போதும் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஓடும். அமெரிக்காவின் யூட்டாவில் 7 முதல் 29 வயது வரை 1,011 பேரின் மூளைப்படங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட சில வேலைகள் ஒரு பக்கம் சாய்வது உண்மை. மொத்த மூளையுமே இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் ஓங்கிய மனிதர் என்று ஒரு வகை இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அவனுக்குக் கணக்கு வராது என்று சொன்னவர்களை நம்பாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்தால் அவனும் அதை நம்பிவிடுவான்.

---

திசைமானி:

அவன் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நேற்றுகூட "எனக்குத்தான் கணக்கு மூளை இல்லையே" என்றான். இன்று உட்கார்ந்து பேசுகிறேன். நன்றி.

---

புதுவரவு:

ஒரு சின்னக் கேள்வி. கைப் பழக்கம் எப்போது முடிவாகிறது?

---

நரம்பிழை:

பிறப்பதற்கு முன்பே சாய்வு தெரிகிறது. வயிற்றில் இருக்கும்போது எந்தக் கட்டைவிரலைச் சூப்பியது என்று ஸ்கேனில் பார்த்த 75 குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி சந்தித்தார்கள். வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை, 5 பேர் வலக்கை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலேயே ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை என்று பல ஜோடிகள் உண்டு. 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் இடக்கையோடு தொடர்புள்ள 41 இடங்களைச் சொன்னது. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் சாய்க்கிறது.

ஒரு பக்கம் சாய்வது மனிதனுக்கு மட்டும் உரியதும் இல்லை. கேனரிப் பறவையின் பாட்டும் இடப்பக்க நரம்பையே பெரிதும் நம்பியிருக்கிறது.

---

மாலைத்தென்றல்:

ஒரு வாரமாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நோட்டைக் கொடுத்து அவரை அழ வைத்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். "அதான்" ஒரே சொல்தான், ஆனால் அம்மா அதை வைத்தே அவரோடு பேசிவிடுகிறார். கேள்வியாகக் கேட்கும் அதான் வேறு, போதும் என்கிற அதான் வேறு, கோபத்தின் அதான் வேறு. நேற்று அம்மா வேலை செய்துகொண்டே ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். அப்பா கூடவே இரண்டு வரி பாடினார். சொல்லோடு பாடினார்! நாங்கள் உறைந்துபோனோம். உடனே பேசச் சொன்னோம், "அதான்" என்றார். இது எப்படி?

---

சொல்லேர்:

உங்கள் வீட்டில் எல்லோரையும் எப்படி உலுக்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் அப்படித்தான்.

குரலின் ஏற்ற இறக்கத்தில் உணர்ச்சியைக் காட்டுவதிலும் மெட்டிலும் வலது மூளைக்குப் பெரிய பங்கு. அப்பாவுக்கு அந்தப் பக்கம் நலமாக இருக்கிறது. அதனால்தான் சொல் ஒன்றானாலும் தொனி பலவாக வருகிறது. வலது மூளை அடிபட்டவர்களில் சிலருக்கு இது அப்படியே மாறி இருக்கும்: வாக்கியம் சரியாக வரும், குரலில் ஏற்றமும் இறக்கமும் இருக்காது. அன்பாகச் சொல்வதும் அலுத்துச் சொல்வதும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வீட்டில் மனவருத்தமே வந்துவிடும்.

பழகிய பாட்டு, வாரத்தின் நாட்கள், ஒன்று முதல் பத்து, பிரார்த்தனை, திட்டும் சொல் இவையெல்லாம் சொல்லைத் தேடிக் கோக்க வேண்டாத பேச்சு. ஒரு முனையை இழுத்தால் மீதி தானாக உருண்டு வரும். நாமாகச் சொல் தேர்ந்து பேசுவது வேறு வேலை, அடிபட்டது அதுதான். பாடியவர் உடனே பேசுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவருக்கும் அது ஏமாற்றமாகிவிடும். ஆனால் பாட்டை ஒரு படிக்கட்டாக வைக்கலாம். 1973இல் அமெரிக்காவில் ஒரு குழு இதையே பயிற்சி முறையாக்கியது. "தண்ணி வேணும்" போன்ற சின்னத் தொடரை இரண்டு சுரத்தில் மெட்டுக் கட்டி, ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடது கையை மெல்லத் தட்டிக்கொண்டே சேர்ந்து பாட வேண்டும். நாளாக ஆக நம் குரலைக் குறைத்து, மெட்டையும் குறைத்து, பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. உங்கள் அப்பாவைப் போல, புரிதல் நன்றாக இருந்து சொல் மட்டும் வெளிவராதவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது. அவருடைய பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியது ஒன்று. உங்கள் மகளுக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டு, நீங்களும் அவரோடு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். சரியான எண் வந்ததும் அவர் நிறுத்த வேண்டும். எண்ணுவது தானாக உருளும், நிறுத்துவதற்குத்தான் சிந்தனை வேண்டும். முதலில் தாண்டிப் போய்விடுவார். பரவாயில்லை, மறுபடி ஒன்றிலிருந்து.

---

மாலைத்தென்றல்:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன்.

மகளுக்கு ஏழு வயது. தினமும் மாலையில் அவள்தான் தாத்தாவின் எதிரில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்து ஒவ்வோர் எண்ணுக்கும் தட்டுவாள். முதல் வாரம் முழுக்கப் பத்து வரை ஓடிவிடுவார். ஏழைத் தாண்டும்போதே தெரிந்துவிடும், முகம் சுருங்கும், நிறுத்த முடியாது. போன வாரம் எட்டில் நின்றார்.

நேற்று ஐந்து, ஆறு என்று வந்து, "ஏழு" என்றதும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எட்டு வரவில்லை. அவள் "எனக்கு எத்தனை வயசு தாத்தா?" என்று மறுபடி கேட்டாள். எண்ணாமல், கொஞ்ச நேரம் உதட்டைக் குவித்துப் பார்த்துவிட்டு, "ஏழு" என்றார்.

அப்புறம் அவளைப் பார்த்து, "அதான்" என்றார்.